கொல்லிமலைச் சிறாரின் உணவும் நீரிழிவும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கொல்லிமலை தமிழிலக்கியம் பயில்வார்க்குப் புதியதன்று. வல்வில் ஓரியின் கொடை, கொல்லிப்பாவையின் வனப்பு, மலைத்தேனின் இனிமை, பலவின் வளம் ஆகியவற்றைப் புலவரும் உரையாசிரியரும் பலவாறு எடுத்தோதியுள்ளனர். ஆயின், அம்மலையில் வாழும் மக்கள் நாள்தோறும் உண்டது யாது, அவர்தம் குழந்தைகள் எவ்வுணவால் வளர்ந்தனர், அவ்வுணவு எக்காலத்து எக்காரணத்தால் மாறிற்று என்னும் வினாக்கள் இலக்கிய ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டனவாகக் கருதப்பட்டு வந்துள்ளன. இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுவார்க்கு இலக்கியமும் வேளாண்மை வரலாறும் அரசின் உணவுக் கொள்கையும் மருத்துவ நூலும் ஒருங்கே துணை நிற்றல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு இன்றைய தேவையும் ஒன்று உண்டு. நீரிழிவு முதுமையில் வரும் நோய், செல்வர்க்கு வரும் நோய், உடல் பருத்தவர்க்கு வரும் நோய் என்று நெடுங்காலம் எண்ணி வந்தோம். கடந்த நாற்பது ஆண்டுகளில் மருத்துவ அறிஞர் கண்டறிந்தவை இம்மூன்று எண்ணங்களையும் அசைத்துவிட்டன. நோயின் வித்துத் தாயின் வயிற்றிலும் பிள்ளைப் பருவத்திலுமே ஊன்றப்படலாம் என்பதும், மெலிந்த குழந்தையும் அதற்கு விலக்கன்று என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. எனவே ஒரு மலைநாட்டுக் குழந்தையின் உண்கலத்தில் என்ன இருந்தது என்பது வெறும் பழமை ஆராய்ச்சி அன்று. அக்குழந்தையின் நாற்பதாம் அகவை குறித்த ஆராய்ச்சியும் ஆகும்.

1. கொல்லியின் வளமும் பசியும்

கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. 1997ஆம் ஆண்டு வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டு நிலம். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டு விளங்குவது. இங்கு வாழ்வோருள் பெரும்பாலார் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்னும் பொருளது. சேரநாட்டு மொழியோடு தொடர்புடையதன்று. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறினர் என்பது இவர்தம் செவிவழி வழக்கு.

சங்கப் பாடல்களுள் ஓரியின் கொல்லியைக் கூறுவன பல. புறநானூற்றில் வன்பரணர் பாடிய 152, 153ஆம் பாடல்களும் கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாடலும் அவன் புகழைப் பேசுவன. எனினும் உணவு வரலாற்றிற்கு மிகப் பயன்படுவது இவற்றுள் ஒன்றன்று. குறுந்தொகையில் கபிலர் பாடிய 100ஆம் பாடலே ஆகும். தலைவியின் அருமையைக் கூறுதற்குக் கொல்லிப்பாவையை உவமையாக்கும் இப்பாடல், அதற்கு அடையாக அம்மலைச் சிற்றூரின் வாழ்வையும் கூறிச் செல்கின்றது. அருவி பாயும் பரப்பில் ஐவனம் என்னும் மலைநெல்லை விதைக்கின்றனர், களைகளைப் பறிக்கின்றனர், காந்தளே அவர்க்கு வேலி. இத்துணை வளம் கூறிய புலவர், அச்சிறுகுடியினர் பசித்தால் யானையின் கொம்பை விற்று உண்பர் என்றும் கூறுகின்றார்.

இச்செய்தியை உரைகாரர் பெரும்பாலும் மலைவளத்தின் பெருமையாகவே கொள்வர். யானைக்கோட்டையே விற்று உண்ணும் வளமுடையோர் என்பது அவர் கருத்து. ஆயின் பசித்தபோது என்னும் கூற்றை நாம் புறந்தள்ளுதல் ஆகாது. விளைந்த ஐவனம் ஆண்டு முழுதும் போதவில்லை. போதாத காலத்துக் காட்டுப் பொருளைப் பண்டமாற்றாகக் கொடுத்துக் கீழ்நாட்டிலிருந்து உணவு பெற்றனர் என்பதே அதன் வரலாற்றுப் பொருள். இதே கபிலர் புறநானூற்று 109ஆம் பாடலில் பாரியின் பறம்பைப் பாடுங்கால், உழவரின் உழைப்பின்றியே மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் அம்மலை தரும் என்றார். பறம்பிற்கு அவ்வாறு கூறிய புலவர் கொல்லிக்குப் பசியையும் சேர்த்துக் கூறியது கருதத்தக்கது. முன்னது முற்றுகையிட்ட பகைவர்க்குக் கூறிய வீறு. பின்னது அகப்பாடலில் இயல்பாக வந்து விழுந்த உண்மை.

ஆகவே, பண்டைக் கொல்லியில் பசியே இல்லை. இன்றைய உணவே எல்லாக் கேட்டிற்கும் காரணம் என்று கூறுவார் கூற்று இலக்கியச் சான்றுக்கே பொருந்தாது. பழைய உணவு அளவிற் குறைந்தது, வகையில் நிறைந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

2. புன்செய்த் தானியங்களும் அவற்றின் பெயர்களும்

கொல்லிமலையில் தொன்றுதொட்டுப் பயிராகி வந்தவை சாமை, தினை, வரகு, பனிவரகு, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்கள். தாழ்வான ஈர நிலங்களில் நெல் விளைந்தது. சரிவான புன்செய்களில் இவை விளைந்தன. ஒவ்வொன்றும் ஒரே வகையாக நில்லாமல் பல உட்பிரிவுகளைக் கொண்டிருந்தது. சாமையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை; தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை; கேழ்வரகில் சட்டைக் கேழ்வரகு, சுண்டங்கிக் கேழ்வரகு, காரக்கேழ்வரகு, அரிசிக்கேழ்வரகு என வழங்கும் பெயர்கள் இதற்குச் சான்று.

இப்பெயர்கள் ஒருவகை அகராதி எனலாம். சில நிறத்தால் அமைந்தவை. சில கதிரின் வடிவால் அமைந்தவை. எந்நிலத்திற்கு எது, எம்மழைக்கு எது, எக்களிக்கு எது, எக்கூழுக்கு எது என்னும் பல்லாண்டு அறிவு இவ்வேறுபாடுகளிலே பொதிந்துள்ளது. கேழ்வரகோடும் சாமையோடும் மொச்சை, துவரை, கடுகு முதலியவற்றைக் கலந்து விதைத்தலும் மலைவழக்கு. எனவே நிலத்தில் தானியமும் பருப்பும் சேர்ந்து விளைந்தவாறே கலத்திலும் அவை சேர்ந்து வந்தன. இது குழந்தை உணவில் பெரிதும் கருதத்தக்கது. தானியத்தில் குறைந்த புரதத்தைப் பருப்பு நிறைவு செய்யும்.

இத்தானியங்களின் இயல்பை அளவையால் ஆராய்ந்த பணி தென்னாட்டிலேயே தொடங்கிற்று. நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் 1918இல் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1950களின் இறுதியில் ஐதராபாத்திற்கு மாறியது. அங்கிருந்து அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் அட்டவணை, கோபாலன் முதலியோரால் 1989இல் திருந்திய வடிவம் பெற்றது. அதன்படி 100 கிராம் தீட்டிய அரிசியில் புரதம் 6.8 கிராம், சாமையில் 7.7, தினையில் 12.3, கேழ்வரகில் 7.3 கிராம். நார்ப்பொருளோ அரிசியில் 0.2 கிராமே, சாமையில் 7.6, தினையில் 8.0, கேழ்வரகில் 3.6 கிராம். சுண்ணாம்புச் சத்து அரிசியில் 10 மில்லிகிராம்; கேழ்வரகில் 344 மில்லிகிராம். வளரும் எலும்பிற்குக் கேழ்வரகுக் களியை ஊட்டிய தாயர் அட்டவணை கண்டு ஊட்டியவரல்லர். அவர் அறிந்ததனையே அட்டவணை பின்னர் உறுதி செய்தது.

ஈண்டு ஒரு வரையறை கூறுதல் வேண்டும். சிறுதானியம் என்ற அளவிலே எல்லாம் குருதியில் சர்க்கரையை மெல்ல ஏற்றும் எனக் கொள்ளுதல் பிழை. நன்கு அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் விரைந்து செரித்துச் சர்க்கரையை விரைந்தே உயர்த்தும். உமி நீக்கியபின் மேலும் தீட்டப்பட்ட சாமையும் தன் நார்ப்பொருளை இழந்து அரிசியை ஒத்துவிடும். தானியத்தின் பெயரன்று, அது தவிட்டோடு உண்ணப்படுகின்றதா, பருப்போடும் கீரையோடும் உண்ணப்படுகின்றதா என்பதே பயனை வரையறுப்பது.

3. மரவள்ளியின் வரவு

கொல்லிமலையின் புன்செய்களில் நிகழ்ந்த பெருமாற்றத்திற்குக் காரணம் மலைக்குள்ளே தோன்றவில்லை. உலகப் போரிலே தோன்றியது. தென்னமெரிக்காவிற்குரிய மரவள்ளி திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மன்னரின் ஊக்கத்தால் ஏழைகளின் உணவாகப் பரவிற்று. இரண்டாம் உலகப் போரின்போது மலேயா முதலிய நாடுகளிலிருந்து மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் வருதல் தடைப்பட்டது. அக்குறையை நிறைவு செய்ய 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கிற்று. அது விரைந்து வளர்ந்தது. சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் பகுதிகளில் ஆலைகள் பெருகின. உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கமாகிய சேகோசர்வ் 1981இல் அமைந்தது.

மலையடிவாரத்திலே ஆலைகள் கிழங்கிற்குக் காத்திருக்க, மலைமேல் சாமை விளைந்த சரிவுகளுக்கு மரவள்ளி ஏறியது. 1970களுக்குப் பின்னர் இம்மாற்றம் விரைவுற்றது. உழவர்தம் முடிவில் குற்றம் காண்பதற்கில்லை. சாமை வீட்டிற்கு உணவு தந்தது. கையில் காசு தரவில்லை. மரவள்ளிக்கு வாங்குவோர் உண்டு. முன்பணம் தருவோரும் உண்டு. பிள்ளைகளின் கல்விக்கும் மருத்துவத்திற்கும் திருமணத்திற்கும் காசு வேண்டியிருந்தது. அதனோடு காப்பி, மிளகு, அன்னாசி, வாழை முதலிய பணப்பயிர்களும் இடம் பெற்றன.

இம்மாற்றத்தின் விளைவு இருவகைத்து. ஒன்று, நிலம் பற்றியது. ஏறத்தாழ பத்துமாதம் நின்று, கிழங்கிற்காக மண் கிளறப்படும் பயிர் சரிவு நிலத்தின் மேல்மண்ணை மழைக்கு இரையாக்கும். மற்றொன்று, கலம் பற்றியது. மரவள்ளியோடு மொச்சையும் துவரையும் பண்டைய அளவில் கலந்து விளையவில்லை. மரவள்ளிக் கிழங்கில் நீர் மிகுதி. 100 கிராமில் புரதம் 0.7 கிராம் மட்டுமே. அதனினும் தூய மாவுப்பொருளாகிய ஜவ்வரிசியில் புரதம் இல்லையென்றே கூறலாம். வடநாட்டார் நோன்பு நாளில் விரும்பி உண்ணும் அப்பண்டம் தமிழ்நாட்டு வீடுகளில் குழந்தைகட்குக் கஞ்சியாகவும் காய்ச்சப்படுவது. வயிறு நிறையும், வளர்ச்சிக்கு வேண்டுவது நிறையாது.

மரவள்ளிக்கும் நீரிழிவிற்கும் நேரான தொடர்பு உண்டு என்று ஒருகால் ஐயுற்றதும் இங்கு நினைக்கத்தக்கது. இந்தோனேசியாவில் மரவள்ளி உண்ணும் ஏழையரிடம் கணையத்தில் கல் தோன்றி நீரிழிவு வருவதனைச் சூயிதேமா என்பார் 1959இல் எழுதினார். கேரளத்திலும் இத்தகைய நோயாளர் பலர் காணப்பட்டனர். கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சே காரணம் என்னும் கொள்கை சிலகாலம் நிலவிற்று. மரவள்ளி உண்ணாத இடங்களிலும் அந்நோய் காணப்பட்டமையாலும், பிறப்பு வழிக் கூறுகள் பின்னர் அறியப்பட்டமையாலும் அக்கொள்கை நிலைபெறவில்லை. எனவே மரவள்ளியை நஞ்சென ஒதுக்குதல் நம் கருத்தன்று. அது வெளியேற்றியவை யாவை என்பதே நம் வினா.

4. அரிசியின் ஏற்றம்

மரவள்ளி நிலத்தை மாற்றிற்று. அரிசி கலத்தை மாற்றிற்று. தமிழகத்தில் அரிசி வெறும் உணவன்று. மதிப்பின் அடையாளமும் ஆகும். நெல்லுச்சோறு விருந்திற்கும் விழாவிற்கும் உரியதாக இருந்தது. களியும் கூழும் அன்றாடத்திற்கு உரியனவாக இருந்தன. ஆகவே எல்லார்க்கும் அரிசி என்னும் கொள்கை அரசியலில் பெரும் ஆற்றல் பெற்றதில் வியப்பில்லை. 1967இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. 2008இல் நியாயவிலைக் கடைகளில் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 சூன் முதல் விலையின்றியே வழங்கப்படலாயிற்று.

பள்ளி உணவின் வரலாறும் இதனோடு இணைந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் அரும்பிய நண்பகல் உணவு, காமராசர் காலத்தில் 1956இல் மாநில அளவில் விரிந்தது, 1982இல் எம். ஜி. இராமச்சந்திரனின் ஆட்சியில் சத்துணவுத் திட்டமாகப் பெருகிற்று. 2022இல் தொடக்கப் பள்ளிச் சிறார்க்குக் காலை உணவும் சேர்ந்தது. பசியால் பள்ளியை விட்டு நின்ற குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்த இத்திட்டங்களின் பெருமையைக் குறைத்துக் கூறுவார் வரலாறு அறியாதவர். கபிலர் கூறிய சிறுகுடியின் பசியை, ஈராயிரம் ஆண்டுகட்குப் பின்னர், யானைக்கோடு விற்காமலே நீக்கியது நியாயவிலைக் கடையே எனினும் மிகையாகாது. கலத்தில் முட்டை வைத்ததும் இத்திட்டமே; 2010 முதல் வாரத்திற்கு ஐந்து முட்டை என்பது புரதம் குறைந்த சிறார்க்குப் பெருந்துணை. கொல்லியின் அடிவாரத்திலுள்ள நாமக்கல்லே முட்டைக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

எனினும் மலைமேல் இத்திட்டங்களின் ஒரு பக்க விளைவு, சிறுதானியத்தை உண்கலத்தினின்றும் நீக்கியதாகும். இதற்கு விலை மட்டும் காரணமன்று. பெண்டிரின் உழைப்பே பெருங்காரணம். கேழ்வரகிற்கு உமி நீக்குதல் வேண்டா. திரிகையில் அரைத்தால் போதும். சாமையும் தினையும் அத்தகையன அல்ல. அவற்றின் கடினமான உமியை உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தால் புடைத்து, மீண்டும் குத்திப் புடைத்தல் வேண்டும். பகலெல்லாம் வயலிலும் காட்டிலும் உழைத்த பெண் ஒருவேளைச் சோற்றிற்கு இத்துணையும் செய்தல் வேண்டும். கடையிலிருந்து வரும் அரிசியோ உலையிலிட்டால் சோறாகும். இந்நிலையில் அவள் அரிசியைத் தேர்ந்தது சோம்பலாலன்று. நீண்டநாட் சுமை ஒன்றினின்றும் விடுபட்டதாலே ஆகும். சிறுதானியத்தைக் கைவிட்டனர் என மலைமக்களைக் குறைகூறும் நகரத்தார் ஒருநாளேனும் உலக்கை பிடித்தவரல்லர்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் தன் பணியைத் தொடங்கியபோது இவ்வுண்மையை உணர்ந்துகொண்டது. விதைகளைத் திரட்டிச் சமூக விதை வங்கிகள் அமைத்ததோடு அந்நிறுவனம் நில்லாது, உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் நிறுவியது. மகளிர் குழுக்கள் சாமை அரிசியையும் கேழ்வரகு மாவையும் விற்பனைப் பொருளாக்க வழி செய்தது. விதையைக் காத்தலும் உலக்கையை விடுவித்தலும் ஒரே பணியின் இரு கூறுகள் என்பது அம்முயற்சி தரும் பாடம்.

5. மெலிந்தோர்க்கும் வரும் நீரிழிவு

உணவு மாற்றத்தின் வரலாறு இதுகாறும் கூறப்பட்டது. இனி, அது குழந்தையின் உடலில் என்ன செய்யும் என்பதனைக் காண்போம்.

நீரிழிவு இருவகைத்து என்னும் கருத்து நம் நாட்டில் மிகப் பழமையானது. சுசுருத சம்கிதை பிறவியொடு வருவது, தகாத உணவால் வருவது என இரண்டாகப் பகுத்து, முன்னதை உடையோர் மெலிந்தோர் என்றும் பின்னதை உடையோர் பருத்தோர் என்றும் கூறும். மெலிந்தோர்க்கும் வரும் என்னும் இக்குறிப்பு இக்காலத்தில் மீண்டும் பொருள் பெற்றுள்ளது. 1955இல் ஹியூ ஜோன்ஸ் என்பார் ஜமைக்காவில் மெலிந்த நோயாளரிடம் தனிவகை நீரிழிவு ஒன்றனைக் கண்டார். ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவு என ஒருவகையை உலகச் சுகாதார நிறுவனம் 1985இல் ஏற்று, சான்று போதாதென 1999இல் நீக்கிற்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் இணைந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயாளர்க்கு இன்சுலின் சுரப்பே குறைவு என்பதனையும், ஏனை வகைகளினின்றும் இது வேறுபட்டது என்பதனையும் காட்டிற்று. 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ஐந்தாம் வகை நீரிழிவு என ஏற்றது. ஒரு நோயின் பெயர் ஏற்கப்பட்டு, நீக்கப்பட்டு, மீண்டும் ஏற்கப்பட்ட இவ்வரலாறு, ஏழையரின் நோய் நூலில் இடம்பெறுதற்கு எத்துணைக் காலம் ஆகின்றது என்பதனையும் காட்டுகின்றது.

பருவத் தொடக்கத்து ஊட்டமும் பிற்கால நோயும் தொடர்புடையன என்பதற்கு வழிகாட்டியது இங்கிலாந்தின் ஹெர்ட்போர்டுசயர் பகுதி. அங்கு 1911 முதல் மருத்துவச்சியர் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் ஓராண்டு நிறைவில் எடையையும் ஏடுகளில் பதிந்து வந்தனர். பல்லாண்டுகளுக்குப் பின் அவ்வேடுகளைக் கண்டெடுத்த பார்க்கரும் ஹேல்சும், அக்குழந்தைகள் அறுபது அகவை கடந்தபின் அவர்தம் குருதியை ஆராய்ந்து, பிறப்பிலும் முதலாண்டிலும் எடை குறைந்திருந்தோர்க்கே நீரிழிவு மிகுதி என 1991இல் வெளியிட்டனர். கருவிலே உணவு குறைந்தால் உடல் சிக்கனம் பழகும். மூளையைக் காத்து, கணையத்தையும் தசையையும் சுருக்கிக்கொள்ளும். உணவு குறைந்தே தொடரின் அச்சிக்கனம் தீங்கு செய்யாது. உணவு திடீரெனப் பெருகினால் சுருங்கிய கணையம் தாங்காது. இதுவே 1992இல் அவர்கள் கூறிய கொள்கையின் சாரம்.

நம் நாட்டுச் சான்றுகள் இதனினும் கூர்மையானவை. புனேயில் 1993இல் யாஞ்னிக் தொடங்கிய தாய்மார் ஊட்ட ஆய்வு, அவ்வட்டாரச் சிற்றூர்க் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளினும் எடையில் மிகக் குறைந்திருந்தும், உடற்கொழுப்பை ஏறத்தாழக் குறையாமல் காத்திருந்தன எனக் காட்டிற்று. குறைந்தது தசையும் உள்ளுறுப்புமே. மெலிந்து தோன்றும் குழந்தை உள்ளே கொழுத்திருக்கலாம் என்பது இதன் பொருள். தில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தோரைப் பிறப்பு முதல் தொடர்ந்து அளந்து வந்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. இயல்பாகக் குழந்தையின் உடல் ஐந்தாறு அகவை வரை மெலிந்து, பின்னரே பருக்கத் தொடங்கும். இரண்டாம் அகவை வரை மெலிந்திருந்து, பருக்கத் தொடங்குதல் முந்தி நிகழ்ந்து, பின்னர் விரைந்து எடை கூடிய குழந்தைகளே முப்பது அகவையளவில் நீரிழிவையோ அதன் முன்னிலையையோ எய்தினர். இவருள் எவரும் பன்னிரண்டாம் அகவையில் பருத்தோராக இருக்கவில்லை என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்கது. கண்ணுக்கு நலமாகத் தோன்றிய குழந்தைகளே அவர்கள்.

மறுபுறத்துச் சான்றும் உண்டு. இங்கிலாந்தில் போர்க்காலத்தில் வந்த சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் முதல் ஈராண்டிலும் வளர்ந்தோர்க்கு, அதன்பின் பிறந்தோரை நோக்க, இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைவு என 2024இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. கருக்கொண்ட நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாட்கள் எத்துணை வலியுடையன என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

6. கொல்லிக்கு இவற்றால் பெறப்படுவது

மேற்கூறிய இரு வரலாறுகளையும் ஒன்றாக வைத்து நோக்குவோம். இடர் பசியில் மட்டும் இல்லை. நிறைவில் மட்டும் இல்லை. ஒரு தலைமுறைக்குள் ஒன்றினின்று மற்றொன்றிற்குத் தாவுவதில் உள்ளது. உழைப்பு மிகுந்து ஊட்டம் குறைந்த தாயின் வயிற்றில் வளர்ந்து எடை குறைந்து பிறந்த குழந்தை, மூன்றுவேளையும் தீட்டிய அரிசியும் கிழங்கும் கடைத்தின்பண்டமும் உண்டு வளரின், தில்லி ஆய்வு காட்டிய பாதையிலேயே அடி வைக்கும். மலைச்சாலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறி வந்தது அரிசி மட்டுமன்று. உறையிட்ட தின்பண்டமும் இனிப்பு நீரும் அதே வழியில் வந்துள்ளன.

கீழ்நாட்டின் நிலை எச்சரிக்கையாக அமைந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2011ஆம் ஆண்டு ஆய்வு தமிழகத்தில் வளர்ந்தோருள் 10.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு எனக் கண்டது, நகரத்தில் 13.7, நாட்டுப்புறத்தில் 7.8. 2016 முதல் 2018 வரை நாடெங்கும் நடந்த குழந்தை ஊட்ட ஆய்வு, ஐந்து அகவைக்குட்பட்டோருள் 35 விழுக்காட்டினர் உயரம் குன்றியோர் என்றும், பள்ளிப் பருவத்தினருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் நீரிழிவின் முன்னிலையில் உள்ளனர் என்றும் கூறிற்று. குன்றிய வளர்ச்சியும் சர்க்கரை மிகுதியும் ஒரே நாட்டில், ஒரே தலைமுறையில் ஒருங்கே நிற்கின்றன. இவை பகை நோய்கள் அல்ல; உடன்பிறந்தவை.

இதனால், குழந்தைக்கு உணவைக் குறைத்தல் தீர்வாகாது என்பது பெறப்படும். மெலிந்த குழந்தைக்கு வேண்டுவது குறைந்த உணவன்று, வேறு உணவு. பருப்பும் முட்டையும் கீரையும் தவிட்டோடு கூடிய தானியமும் தசையை வளர்க்கும். வெறும் மாவுப்பொருள் கொழுப்பையே வளர்க்கும். தாய்க்குக் கருவுறுமுன்னரே ஊட்டம் வேண்டும் என்பதும் பெறப்படும். ஏனெனில் குழந்தையின் உண்கலம் தாயின் உண்கலத்திலேயே தொடங்குகின்றது.

அரசின் கொள்கையும் இத்திசையில் சில அடிகள் வைத்துள்ளது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியத்திற்கும் இடம் தந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்குதல் தொடங்கிற்று. மலையில் விளைந்த தானியத்தை மலைப்பள்ளியின் உலையிலேயே ஏற்றுதல் இதன் அடுத்த படியாகத் தோன்றுகின்றது. உழவர்க்கு நிலையான வாங்குவோரும், குழந்தைக்கு நிலையான உணவும் அதனால் ஒருங்கே கிட்டும். சாமைக்கு இல்லாதிருந்த காசை மரவள்ளி தந்ததால் மாற்றம் நேர்ந்தது என்று கண்டோம். அக்காசைச் சாமையே தருமாயின் மாற்றம் மீளவும் கூடும்.

முடிவுரை

கொல்லிமலைச் சிறாரின் உணவு வரலாறு மூன்று நிலைகளை உடையது. வகை நிறைந்து அளவு குறைந்த பழைய நிலை. காசு வந்து வகை குறைந்த மரவள்ளி நிலை. அளவு நிறைந்து வகை குறுகிய அரிசி நிலை. முதல் நிலைக்கு மீளுதல் இயலாது. மீளுதல் வேண்டுவதுமன்று, அந்நிலையில் பசி இருந்தமையின். அளவும் வகையும் ஒருங்கே நிறைந்த நான்காம் நிலை ஒன்றனை அமைத்தலே இத்தலைமுறையின் கடன்.

இதில் தமிழாய்வாளர்க்கும் பங்கு உண்டு. ஹெர்ட்போர்டுசயரின் மருத்துவச்சியர் எழுதி வைத்த ஏடுகளே அரை நூற்றாண்டு கடந்தபின் மருத்துவத்தின் போக்கை மாற்றின. பதிந்து வைத்தலே அறிவின் தொடக்கம். கொல்லியில் இன்று முதியோர் நாவில் மட்டும் வழங்கும் தானியப் பெயர்களையும், களி கிண்டுதல், கூழ் காய்ச்சுதல், குழந்தைக்கு முதற்சோறு ஊட்டுதல், கருவுற்றாள் உண்பன, மகவீன்றாள் உண்பன ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களையும், அவற்றின் செய்முறையோடு தொகுத்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். சட்டைக் கேழ்வரகு என்னும் சொல் மறையுமாயின் அகராதியில் ஒரு சொல் குறைந்ததென மட்டும் கொள்ளற்க. அச்சொல்லோடு ஒரு விதையும், அவ்விதையோடு ஒரு குழந்தையின் எலும்பிற்கும் தசைக்கும் உரிய உணவும் மறைதல் கூடும் என்பதனை உணர்ந்து, காலம் கடத்தாது அப்பணியை மேற்கொள்ளுதல் நம் கடமையாகும்.